வேலி இல்லாத அரங்கில் யார் காவல்?

2024 ஜூலை 11, வியாழக்கிழமை காலை. நம்மில் பலர் பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்த நேரம். அமெரிக்காவின் சார்லட் நகரில் அது முந்தைய நாள் இரவு. கோப்பா அமெரிக்கா காற்பந்துப் போட்டியின் அரையிறுதியில் கொலம்பியா 1-0 என்ற கோல் கணக்கில் உருகுவேயை வீழ்த்தியிருந்தது. இறுதி விசில் ஊதிய சற்று நேரத்தில் உருகுவே ஆட்டக்காரர்கள் சிலர் படியேறிப் பார்வையாளர் இருக்கைகளுக்குள் புகுந்தார்கள். அப்போது லிவர்பூல் குழுவுக்கு ஆடிக்கொண்டிருந்த டார்வின் நூனெஸ் அவர்களில் ஒருவர். கொலம்பிய ரசிகர்களுடன் கைகலப்பு மூண்டது. மதியத்துக்குள் அந்தக் காணொளி நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டது.

எங்கள் குழுவில் வந்த முதல் கருத்து, "தோத்த எரிச்சல்!" என்பதுதான். அரை மணி நேரம் கழித்து இன்னொருவர் போட்டார்: "அங்க அவங்க குடும்பம் உட்கார்ந்திருந்துச்சாம்." அதன் பிறகு குழு இரண்டாகப் பிரிந்தது. நானும் அன்று கட்சி மாறினேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. சம்பளம் வாங்கி ஆடும் ஒருவர் ரசிகர் மீது கைவைத்தால் அது தவறு என்று சொல்வது சுலபம். அந்தத் தவறு எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் போனால்தான் சிக்கல்.

உருகுவே ஆட்டக்காரர்கள் சொன்ன காரணம் இது: அவர்களுடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் அணியின் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த பகுதியில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் கொலம்பிய ரசிகர்கள். தகராறு அங்கே தொடங்கியபோது தடுக்கப் போதிய போலீசார் இல்லை என்று அணித்தலைவர் ஹோசே மரியா ஹிமெனெஸ் தொலைக்காட்சியிலேயே குற்றஞ்சாட்டினார். பின்னர் செய்தியாளர்களைச் சந்தித்த பயிற்றுநர் மார்செலோ பியெல்சாவின் கோபம் ஆட்டக்காரர்கள் மீது திரும்பவில்லை, ஏற்பாட்டாளர்கள் மீது திரும்பியது. தன் குடும்பத்தைத் தாக்குகிறார்கள் என்று கண்ணால் பார்க்கும் ஒருவன் வேறென்ன செய்வான் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

தென் அமெரிக்கக் காற்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோல் அதை ஏற்கவில்லை. நூனெஸுக்கு 5 ஆட்டங்கள் தடை. ரொட்ரிகோ பெந்தங்கூருக்கு 4. ஹிமெனெஸ், ரொனால்ட் அராவ்ஹோ, மத்தியாஸ் ஒலிவேரா மூவருக்கும் தலா 3. அந்த செப்டம்பர் மாதம் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நூனெஸ் இல்லாமல் ஆடிய உருகுவே, இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இரண்டும் 0-0. அவற்றில் ஒன்று, லுயிஸ் சுவாரெஸ் தாய்நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போட்டியை நடத்தியது கான்மெபோல். குடும்பங்களை எங்கே உட்கார வைப்பது, எத்தனை காவலர் நிற்பது என்பதெல்லாம் ஏற்பாட்டாளரின் பொறுப்பு. கடைசியில் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னதும் அதே கான்மெபோல். வீட்டுக்காரரே நீதிபதியாக உட்கார்ந்தால், வீட்டின் கதவு ஏன் திறந்து கிடந்தது என்ற கேள்வி எழும்புமா? அந்தக் கேள்விக்கு வெகுநாள் காத்திருக்கவும் தேவைப்படவில்லை. நான்கே நாளில், மயாமியில் நடந்த இறுதியாட்டத்தில் நுழைவாயில்களில் கூட்டம் முண்டியடித்து உள்ளே பாய்ந்தது. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கியது. சார்லட்டில் நடந்தது சில ஆட்டக்காரர்களின் முன்கோபம் மட்டுமே என்று அதன் பிறகு யாரும் என்னிடம் சொன்னால் நம்புவது கடினம்.

குடும்பம் என்று வந்துவிட்டால்

குடும்பத்துக்காகப் படியேறிய முதல் ஆள் நூனெஸ் அல்லர். 2020 மார்ச் 4ஆம் தேதி, எஃப்ஏ கிண்ணப் போட்டியில் டோட்டன்ஹம் ஹாட்ஸ்பர் தன் சொந்த அரங்கிலேயே நோரிச் சிட்டியிடம் பெனால்டி வாய்ப்புகளில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ஸ்பர்ஸ் ஆட்டக்காரர் எரிக் டயர், விளம்பரப் பலகைகளைத் தாண்டி, இருக்கைகளின் மேல் கால்வைத்து ஏறி, ஒரு ரசிகரை நோக்கிப் போனார். அந்த ரசிகர் எதிரணிக்காரர் அல்லர், ஸ்பர்ஸ் ரசிகர்தான். அவர் டயரைத் திட்டியிருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த டயரின் தம்பி அதைத் தட்டிக்கேட்க, இருவருக்கும் வாக்குவாதம் முற்றியிருக்கிறது. காவலர்கள் இடையில் புகுந்ததால் அடிதடி நடக்கவில்லை.

அப்போதைய பயிற்றுநர் ஜோசே மொரின்யோ சொன்ன கருத்து எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் செய்யக்கூடாததை டயர் செய்தார், ஆனால் அந்த நிலையில் நம்மில் எவரும் அதைத்தான் செய்திருப்போம் என்ற பொருளில் அவர் பேசினார். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் நான்கு மாதம் கழித்து டயருக்கு 4 ஆட்டங்கள் தடையும் 40,000 பவுண்ட் அபராதமும் விதித்தது.

யாரையும் அடிக்காதவருக்கு நான்கு ஆட்டத் தடை அதிகம் என்று அன்று எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு ஆட்டக்காரர் இருக்கைகளுக்குள் ஏறினால் அங்கே அவர் ஒருவரோடு நிற்கமாட்டார், அவரைச் சுற்றி நூறு பேர் எழுந்து நிற்பார்கள். தள்ளுமுள்ளுவில் முன்வரிசையில் உள்ள பத்து வயதுப் பையன்தான் முதலில் விழுவான். ஆட்டக்காரரின் நோக்கம் நல்லதாக இருக்கலாம். படிக்கட்டு குறுகலாகவே இருக்கும்.

உதையும் முத்தமும்

இந்த வகைச் சம்பவங்களில் உலகம் மறக்காதது எரிக் கண்டோனாவின் உதை. 1995 ஜனவரி 25. லண்டன் செல்ஹர்ஸ்ட் பார்க் அரங்கில் கிறிஸ்டல் பேலசுக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணி ஆட்டக்காரரை உதைத்ததற்காக மான்செஸ்டர் யுனைடெட்டின் கண்டோனாவுக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. அவர் வெளியேறும் வழியில் ஒரு ரசிகர் பல வரிசைகள் தாண்டி ஓடிவந்து அவரைத் திட்டினார். கண்டோனா தடுப்புப் பலகைக்கு மேலாகப் பாய்ந்து அவரைக் காலால் உதைத்தார்.

நம் பெற்றோருக்கும் மாமாக்களுக்கும் இந்தக் காட்சி மனப்பாடம். ஆனால், அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. நீதிமன்றம் முதலில் இரண்டு வாரச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூக சேவையாக மாறியது. சிறுவர்களுக்குக் காற்பந்து கற்றுக்கொடுத்து அந்த நேரத்தைக் கழித்தார். காற்பந்துச் சங்கம் அவரை செப்டம்பர் இறுதிவரை, அதாவது எட்டு மாதம், ஒதுக்கி வைத்தது. அந்தப் பருவத்தில் யுனைடெட் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் லீக் கிண்ணத்தைப் பறிகொடுத்தது. திட்டிய ரசிகரும் தப்பவில்லை, அவர் மீதும் வழக்கு நடந்து குற்றம் உறுதியானது.

இதோடு ஒப்பிட, அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பாருங்கள். 1989 ஜனவரி 18ஆம் தேதி நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட், லீக் கிண்ண ஆட்டத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்சை 5-2 என்று வென்றது. மகிழ்ச்சியில் ரசிகர்கள் திடலுக்குள் ஓடிவந்தார்கள். ஃபாரஸ்டின் நிர்வாகி பிரையன் கிளஃப், எதிரே வந்த தன் சொந்த ரசிகர்களையே பளார் பளாரென்று அறைந்தார். 5,000 பவுண்ட் அபராதம், திடலோரம் நிற்கத் தடை. ஆனால், பொதுமக்களில் பலர் "அப்பா பிள்ளையை அடிப்பது போல" என்று சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். அடி வாங்கியவர்களே வந்து மன்னிப்புக் கேட்க, கேமராவுக்கு முன்னால் கன்னத்தில் முத்தமிட்டு அனுப்பி வைத்தார் கிளஃப்.

ஒருவர் பிரெஞ்சுக்காரர், முரடர் என்று ஏற்கெனவே பெயரெடுத்தவர். மற்றவர் உள்ளூர்க்காரர், வெள்ளி முடி பெரியவர், இரண்டு முறை ஐரோப்பியக் கிண்ணம் வென்றவர். செயல் ஏறத்தாழ ஒன்றுதான். யார் கை ஓங்கினார் என்பதைப் பொறுத்து நம் தீர்ப்பு எப்படி மாறுகிறது பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் நான் இரண்டு முறை கட்சி மாறியதும் இதே பலவீனத்தால்தான். லிவர்பூல் ரசிகனான எனக்கு நூனெஸ் என்றதும் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

வேலி போன கதை

"ஆட்டக்காரருக்கும் ரசிகருக்கும் இடையில் ஒரு வேலி போட்டால் வேலை முடிந்தது" என்று ஒரு நண்பர் சொன்னார். வேலி இருந்த காலம் உண்டு. 1970களிலும் 80களிலும் இங்கிலாந்தின் பல அரங்குகளில் ரசிகர்கள் திடலுக்குள் வராமலிருக்க இரும்பு வேலி போட்டிருந்தார்கள். கிளஃப் ரசிகர்களை அறைந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1989 ஏப்ரல் 15ஆம் தேதி, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் அதே ஃபாரஸ்ட் குழுவும் லிவர்பூலும் எஃப்ஏ கிண்ண அரையிறுதியில் மோதின. லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பகுதிக்குள் அளவுக்கு மீறிய கூட்டம் விடப்பட்டது. முன்னால் நின்றவர்கள் வேலியோடு சேர்த்து நசுக்கப்பட்டார்கள். உயிரிழந்தவர்கள் 97 பேர். திடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, வழியைத்தான் வேலி அடைத்திருந்தது.

அதன் பிறகு இங்கிலாந்து வேலிகளை அகற்றியது. முதல்நிலை அரங்குகளில் நிற்கும் இடங்கள் போய் இருக்கைகள் வந்தன. இரும்பு இருந்த இடத்தில் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டின் காற்பந்துக் குற்றங்கள் சட்டப்படி, காரணமின்றித் திடலுக்குள் நுழைவது, பொருள்களை வீசுவது, இனத்தைப் பழித்துக் கூட்டமாகக் கோஷமிடுவது எல்லாமே குற்றம். அந்தச் சட்டம் வெறும் காகிதம் அல்ல. 2022 மே மாதம் நாட்டிங்ஹமில் ரசிகர்கள் திடலுக்குள் பாய்ந்தபோது, ஓரமாக நின்ற ஷெஃபீல்ட் யுனைடெட் ஆட்டக்காரர் பில்லி ஷார்ப்பை ஒருவர் ஓடிவந்து தலையால் முட்டித் தள்ளினார். இரண்டே நாளில் நீதிமன்றம் அவரை 24 வாரம் சிறைக்கு அனுப்பியது. அதே நாள், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் கிறிஸ்டல் பேலஸ் நிர்வாகி பாட்ரிக் வியேரா, திடலுக்குள் வந்து முகத்துக்கு நேரே கேலி செய்த எவர்ட்டன் ரசிகரைக் காலால் தட்டினார். வியேரா மீது நடவடிக்கை இல்லை. அவர் யாருடைய இருக்கையையும் தேடிப் போகவில்லை, தன் அறைக்குத் திரும்ப நடந்துகொண்டிருந்தார். கண்டோனாவுக்கும் வியேராவுக்கும் நடுவே உள்ள வேறுபாடு அந்தப் பலகைதான். யார் அதைத் தாண்டினார்?

ஆட்ட விதிகளும் இதில் தெளிவாகத்தான் இருக்கின்றன. எதிரணியினர் மீது மட்டுமின்றிப் பார்வையாளர் மீது வன்முறை காட்டினாலும் சிவப்பு அட்டை என்கிறது 12ஆம் விதி. 2019 முதல் பயிற்றுநர்களுக்கும் உதவியாளர்களுக்கும்கூட நடுவர் அட்டை காட்டலாம்.

வேலியும் சட்டமும் இல்லாமல் பயம் மட்டும் காவல் செய்தால் என்ன ஆகும் என்பதை நமக்குப் பக்கத்திலேயே பார்த்தோம். 2022 அக்டோபர் 1ஆம் தேதி, கிழக்கு ஜாவாவின் மாலாங் வட்டாரத்தில் உள்ள கஞ்சுருஹான் அரங்கு. அரேமா குழு பரம வைரியான பெர்செபாயாவிடம் 2-3 என்று தோற்றது. சொந்த மண்ணில் அவர்களிடம் 23 ஆண்டுகளாகத் தோற்காத குழு அது. ஆட்டம் முடிந்ததும் ஓரிரு ரசிகர்கள் இறங்கித் தங்கள் ஆட்டக்காரர்களை நோக்கி வந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பலர் இறங்கினார்கள். போலீசார் கண்ணீர்ப்புகை குண்டுகளைச் சுட்டார்கள். திடலில் இறங்கியவர்கள் மீது மட்டுமல்ல, இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமும். அரங்குக்குள் கண்ணீர்ப்புகையே கூடாது என்பது ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி. மக்கள் வெளியேறும் வாசல்களை நோக்கி ஓடி அங்கேயே நெரிசலில் சிக்கினார்கள். 135 பேர் இறந்தார்கள். பலர் உங்கள் வயதுக்காரர்கள், உங்களைவிடச் சின்னவர்களும் இருந்தார்கள்.

ரசிகர் ஆட்டக்காரரை நெருங்குவது என்ற ஒரே செயலுக்கு செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒரு முடிவு, மாலாங்கில் இன்னொரு முடிவு. இடையில் நிற்பவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது, அவருக்கு என்ன பயிற்சி என்பதே அந்த வேறுபாடு.

நாமும் யோக்கியர்கள் அல்ல

இதை எல்லாம் வெளிநாட்டுக் கதையாகப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால், 2010 டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் என்ன நடந்தது? ஆசியான் கிண்ண இறுதியாட்டத்தின் முதல் சுற்று. டத்தோ கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. பின்னர் கிண்ணத்தையும் முதன்முறையாகக் கைப்பற்றியது. நம் சமூகத்துக்கு அது இரட்டைப் பெருமை. அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதி சில நிமிடங்கள் நின்று போனதை நாம் பெருமையோடு நினைவுகூர்வதில்லை. நம் ரசிகர்கள் சிலர் இந்தோனேசியக் கோல்காவலரின் முகத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திடலோரம் போய் நின்றார்கள். யாரும் இருக்கைகளுக்குள் ஏறவில்லை. நடுவரிடம் முறையிட்டார்கள். ஆட்டம் தொடர்ந்த பிறகுதான் மூன்று கோலும் விழுந்தன. அந்த மூன்று கோலையும் லேசர் போட்டது என்று நான் சொல்லமாட்டேன், சாஃபி சாலியின் ஆட்டத்துக்கு அது அவமரியாதை. ஆனாலும் அந்தப் பச்சை ஒளி அந்த வெற்றியோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

2015 செப்டம்பர் 8ஆம் தேதி ஷா ஆலமில் நிலைமை இன்னும் மோசம். ஐந்து நாள் முன்னர் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10 என்று தோற்ற அணி, சவூதி அரேபியாவுடன் மோதியது. காற்பந்து நிர்வாகத்தின் மேல் கொதித்துப் போயிருந்த ரசிகர்கள் தீப்பந்தங்களையும் புகைக்குண்டுகளையும் திடலில் வீசினார்கள். 88ஆம் நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. ஃபிஃபா சவூதிக்கு 3-0 வெற்றியைக் கொடுத்தது. நிர்வாகத்தின் மேல் அவர்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். தீப்பந்தம் விழுந்த இடத்தில் நிர்வாகிகள் எவரும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் யோசிக்கிறேன். புக்கிட் ஜாலிலில் திடலைச் சுற்றி ஓட்டப்பாதை உண்டு. கத்தினாலும் பாதி வார்த்தைகள் காற்றில் போய்விடும். ஜொகூரில் 2020ல் திறந்த சுல்தான் இப்ராகிம் அரங்கில் ஓட்டப்பாதையே இல்லை. சிங்கப்பூரின் தேசிய அரங்கிலோ காற்பந்து நாள்களில் கீழ்வரிசை இருக்கைகளைத் திடலை நோக்கி நகர்த்திவிடுவார்கள். ஜாலான் புசார் அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஆட்டக்காரர் மூச்சு வாங்குவதே கேட்கும். நமக்கு அது கேட்கிறது என்றால் அவருக்கும் நாம் பேசுவது கேட்கிறது. ஆட்டத்தை அருகில் பார்க்க ஆசைப்பட்டோம், அருகில் வந்துவிட்டோம். குடும்பப் பகுதி எங்கே, மாற்று ஆட்டக்காரர்கள் உடலைச் சூடேற்றும் ஓரத்தில் காவலர் உண்டா, தகராறு என்றால் எந்தப் படிக்கட்டு வழியே வருவார்கள் என்பதையெல்லாம் நம் சங்கங்கள் அரங்கின் வரைபடத்தை விரித்துவைத்து இப்போதே பேசியிருக்க வேண்டும்.

எனக்கு இது வரைபட விஷயம் மட்டுமல்ல. நான்காம் படிவம் படித்தபோது நண்பர்கள் எட்டுப் பேர் ஒரு லீக் ஆட்டத்துக்குப் போயிருந்தோம். "ரெஃப்ரி காயு!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை, டிக்கெட்டோடு வரும் உரிமை அது. இரண்டாம் பாதியில் எதிரணியின் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் எங்களுக்குக் கீழே உடலைச் சூடேற்ற வந்தார். தமிழர் என்று சட்டைப் பெயரில் தெரிந்தது. தமிழில் திட்டினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது, அவருக்கு மட்டும் புரியும் என்பது எங்களுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. அவர் அம்மாவை இழுத்துத் திட்டினோம். நானும் திட்டினேன்.

அவர் ஓடுவதை நிறுத்தி எங்களை நிமிர்ந்து பார்த்தார். எங்களைவிட மூன்று நான்கு வயது கூடுதலாக இருக்கலாம். எங்களுக்கும் அவருக்கும் இடையில் இடுப்பளவு உயரக் கம்பி ஒன்றுதான். ஏறி வந்திருக்கலாம்.

"தம்பி, அம்மா மேலதான் உட்கார்ந்திருக்காங்க" என்றார். திரும்பி ஓடத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் ஒரு கோல் விழுந்தது. நண்பர்கள் மறுபடியும் கத்த ஆரம்பித்தார்கள். நான் திரும்பி மேல்வரிசைகளைப் பார்த்தேன். அம்மாக்கள் பல பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்த அம்மா என்று தெரியவில்லை.